தரையில் உட்கார்ந்து எழ

பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனில் அழுதது காதிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் ஒருத்தி உன் உடம்பைப் பற்றிப் பேசியிருக்கிறாள். மறுநாளே நீ ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தைக் கட்டிவிட்டாய். ‘இந்தத் தடவை விடவே மாட்டேன் அத்தை’ என்றாய். அந்த வைராக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2000-ல் என் மகள் கல்யாணம். எனக்கு வயது 46, எடை 84 கிலோ. போட்டோவில் எப்படித் தெரிவேனோ என்ற ஒரே கவலை. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். மத்தியானம் ஒரு கரண்டி சோறு. நாலு மாசத்தில் 11 கிலோ குறைந்தது. போட்டோவும் நன்றாகவே வந்தது. ஆல்பம் கைக்கு வந்த அன்றைக்கே நான் பட்டினி கிடந்த காரணமும் முடிந்துபோனது. ஒன்றரை வருஷத்தில் 86-ல் வந்து நின்றேன்.

மனஉறுதி இல்லாதவள் என்று என்னையே எவ்வளவு வைதிருப்பேன் தெரியுமா! பல வருஷம் கழித்து ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ‘தி பிகஸ்ட் லூசர்’ என்ற எடைக்குறைப்புப் போட்டி டிவியில் நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு அதில் 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. அவர்கள் உடம்பு, சும்மா இருக்கும்போது செலவழிக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. பஞ்சத்தைக் கண்ட வீட்டுக்காரி அரிசியை அளந்து அளந்து போடுவாளே, அதே மாதிரி. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பழைய குற்ற உணர்ச்சி அன்றைக்குத்தான் இறங்கியது.

உடம்பைக் கவனிக்க உண்மையான காரணம் எனக்கு 2004-ல் வந்தது. உன் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலில் படுக்க மாட்டேன் என்று பிடிவாதம்; பாயில்தான் படுப்பாள். ஒரு நாள் கஞ்சி ஊட்டத் தரையில் உட்கார்ந்தேன். ஊட்டி முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. முழங்கால் மடங்கவில்லை, சுவரைப் பிடித்தால் கை வழுக்குகிறது. நான் திணறுவதைப் பார்த்துவிட்டு அம்மா தனக்கு விளங்கிய அந்த ஒரு இடது கையை என் பக்கம் நீட்டினாள், பிடித்துக்கொண்டு எழுந்திரு என்று. அந்தக் கையை நான் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எழுந்தேன்.

மறுநாள் விடியற்காலை தெப்பக்குளத்துக்குப் போனேன். குளத்தைச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் நாள் பாதி தூரம்தான் முடிந்தது. எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்ற கணக்கே அப்போது மனதில் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும், நானாக எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சாப்பாட்டில் பெரிய விரதம் எதுவும் இல்லை. காப்பியை நாலிலிருந்து இரண்டாக்கி, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். தட்டில் பாதிக்குக் கீரையும் காயும் சுண்டலும் வைத்த பிறகுதான் சோறு. தீபாவளி அதிரசத்தை ஒரு வருஷமும் ஒதுக்கியதில்லை. இரண்டு வருஷத்தில் 9 கிலோ குறைந்தது, மாசத்துக்கு அரைக் கிலோ கூட இல்லை. ஆனால் நாலாவது மாசமே சுவரைத் தொடாமல் எழுந்துவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

2006-ல் ஊரெல்லாம் சிக்குன்குனியா. என்னையும் போட்டுப் புரட்டியது. மூட்டு வலியில் மூன்று மாசம் நடையே இல்லை, 4 கிலோ ஏறியது. பழைய ஆளாக இருந்திருந்தால், ‘எல்லாம் போச்சு’ என்று அங்கேயே விட்டிருப்பேன். அம்மா பாயில் இருந்தாள், அதனால் திரும்பப் போனேன்.

2007-ல் அம்மா போய்விட்டாள். உனக்கு எட்டு வயசு, ஞாபகம் இருக்கலாம். நான் நடந்ததற்கான காரணமும் அவளோடு போயிருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஐந்தரை மணிக்கு வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. என்னோடு நடக்கும் இரண்டு பெண்கள் வந்து நிற்கிறார்கள். எதுவும் கேட்கவில்லை. செருப்பு வாசல் பக்கத்திலேயே கிடந்தது. போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கு ஒரு சுற்று முழுக்க அழுதுகொண்டே நடந்தேன், அவர்கள் இரண்டு பக்கமும் பேசாமல் வந்தார்கள். அம்மா என்ற காரணம் போன இடத்தில் அந்தத் தோழிகள் வந்து நின்றுகொண்டார்கள். இப்போது வயது 71. எடை 75-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கிறது, இன்னும் தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறேன்.

எடை மெஷினை தினமும் பார்த்து மனசு உடைந்துபோகாதே. உன் சென்னையிலேயே சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவைச் சொன்னார்கள். நடையும் சாப்பாட்டு முறையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை. மெஷினில் தெரியாத நல்லது உடம்புக்குள் நடக்கத்தான் செய்கிறது.

கல்யாண வீட்டில் அந்தப் பெண் சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டு ஜிம்முக்குப் போகாதே கண்ணு. அந்தக் கோபம் ஒரு மாசம் வரும், மிஞ்சினால் இரண்டு மாசம். கட்டிய பணம் இருக்கட்டும், போ. கூட வர ஆபீஸில் ஒரு தோழியைப் பிடி. நீ போகாத அன்றைக்கு ‘ஏன் வரலை’ என்று கேட்கிறவளாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எத்தனை கிலோ என்று சொல்ல வேண்டாம். எந்த மாடிப்படியில் உனக்கு மூச்சு வாங்குகிறது, முன்னால் ஆசையாகச் செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்ய முடியவில்லை என்று சொல். அதைப் பேசுவோம்.

அன்புடன்,
அத்தை