தெருவுக்கு வந்த உடை

நியூ ஜெர்சியில் மார்ச் வந்தால் குளிர்கோட்டைக் கழற்றி எறியலாமா என்று ஆசை வரும். மறுநாளே பனி கொட்டி அந்த ஆசையைக் கெடுக்கும். ஆனாலும் நடுவில் கிடைக்கிற ஓரிரு நாள் வெயிலுக்கு ஊரே நடைபாதைக்கு வந்துவிடும். எடிசனில் எங்கள் குடியிருப்பின் வேலியோரம், பனி உருகிய சேற்றில், விரல் உயரத்துக்கு ஊதாவும் மஞ்சளுமாகக் குரோக்கஸ் பூத்திருந்தது. எனக்கும் நடக்க ஆசை. ஐந்தாம் மாதம், மசக்கை நின்று, பசி திரும்பி, உடம்பில் தெம்பு வந்திருந்த நேரம். மருத்துவரும் நடக்கத்தான் சொன்னார்.

சிக்கல் கோட்டுக்கு அடியில் இருந்தது. பேண்ட்டின் பொத்தானைப் போட முடியவில்லை. தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டைக் காஜாவுக்குள் நுழைத்து, மறுமுனையைப் பொத்தானில் மாட்டி, மேலே நீளச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். குளிர் இருந்தவரை கோட்டு அந்த ரகசியத்தைக் காப்பாற்றியது. வெயில் வந்ததும் கடைக்குப் போயே ஆக வேண்டியதாயிற்று.

இந்தப் பக்கத்து மால்களில் முன்பெல்லாம் கர்ப்பிணிகளுக்கென்றே கடைகள் இருந்தன. உடை மாற்றும் அறையில் வயிற்றில் கட்டிப் பார்க்க ஒரு தலையணைகூட வைத்திருப்பார்கள், எட்டாம் மாதத்தில் எப்படி இருப்போம் என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம் என்று மூத்த தோழிகள் சொல்வார்கள். அப்படிப்பட்ட கடைகள் பலவற்றை நடத்திய டெஸ்டினேஷன் மெட்டர்னிட்டி நிறுவனம் 2019 அக்டோபரில் திவால் மனு கொடுத்துவிட்டது. எனக்குக் கிடைத்தது, பெரிய துணிக்கடை ஒன்றில் குழந்தைச் சட்டைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரே ஒரு ஹேங்கர் வரிசை.

அதிலிருந்து எடுத்த ஜீன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்னால் ஜிப் இருப்பதுபோல் தையல் போட்டிருக்கிறார்கள், ஜிப் கிடையாது. முன்பைகளும் பொய். இடுப்புப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் பனியன் துணி போல ஓர் அகலமான பட்டை, மார்புக்குக் கீழே வரை ஏறி வயிற்றை அப்படியே ஏந்திக்கொள்கிறது. போட்டுப் பார்த்ததும் 'அப்பாடா' என்று மூச்சு விட்டேன். யாருக்கு முதலில் இப்படியொரு யோசனை வந்திருக்கும் என்ற கேள்வி அங்கேயே பிடித்துக்கொண்டது.

அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னபோது, "இதுக்கெல்லாம் தனியா உடையாடி? கொசுவத்துல ரெண்டு மடிப்பைக் குறைச்சா ஆச்சு. ரவிக்கைக்குப் பக்கத் தையலைப் பிரிச்சு விடு" என்றாள். நம் ஊர் டெய்லர்கள் ரவிக்கையின் உட்புறம் துணியை விட்டு, பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் வரி ஓட்டியிருப்பார்கள். உடம்பு பெருக்கப் பெருக்க ஒவ்வொரு வரியாகப் பிரித்துக்கொள்ளலாம். உலகத்தின் மிகச் சிறந்த கர்ப்பகால உடை நம் புடவைதான் என்பது அம்மாவின் தீர்ப்பு. அதில் பாதியை ஏற்கிறேன். மீதிக்குப் பிறகு வருகிறேன்.

நூலகத்தில் உடை வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டியபோது, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் ஏறக்குறைய அம்மாவின் வழியில்தான் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. மேலுடலை இறுக்கும் உள்கச்சையின் கயிற்றைத் தளர்த்திக்கொள்வது, முன்னால் விழும் இடைவெளியை ஏப்ரன் கட்டி மறைப்பது, இப்படி. 19ஆம் நூற்றாண்டில் வசதியான வீடுகளில் நிலைமை மோசமானது. கர்ப்பிணிக்கென்றே கார்செட் விற்றார்கள். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் பெண் வெளியே தெரியக்கூடாது என்று ஆனது. வீட்டோடு இருப்பவளுக்குத் தளர்ந்த அங்கி ஒன்று போதுமே, கடையில் போய் எதற்கு உடை வாங்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் லீனா ஹிம்மல்ஸ்டைன். லிதுவேனியாவில் பிறந்த யூதப் பெண். 1895இல் நியூயார்க்குக்கு வந்து, உள்ளாடை தைக்கும் பட்டறையில் வாரம் 1 டாலர் கூலிக்குச் சேர்ந்தார். டேவிட் பிரையன்ட் என்ற நகை வியாபாரியை மணந்தார்; மகன் பிறந்த கொஞ்ச காலத்திலேயே கணவர் இறந்துபோனார். கையில் இருந்தது அவர் கொடுத்த வைரத் தோடு. அதை அடகு வைத்துத் தையல் மெஷின் வாங்கினார். தோட்டை அடகு வைத்துப் பிழைப்பைத் தொடங்கிய பெண்கள் நம் தெருவுக்கு ஒருவர் உண்டு; எனக்கு லீனா அந்த இடத்தில்தான் சொந்தக்காரி ஆனார். 1904இல் ஃபிஃப்த் அவென்யூவில், 119ஆம் தெருவுக்கும் 120ஆம் தெருவுக்கும் நடுவே, மாதம் 12.50 டாலர் வாடகைக்குக் கடை பிடித்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. வங்கிப் படிவத்தில் பதற்றத்தில் 'லீனா'வின் ஆங்கில எழுத்துகள் இடம் மாறி 'லேன்' ஆக, கடைக்கு அதுவே பெயராக நிலைத்தது: லேன் பிரையன்ட்.

அந்தக் கடைக்கு வந்த கர்ப்பிணி ஒருவர், பார்க்க மரியாதையாகவும் உடம்புக்கு வசதியாகவும் ஏதாவது வேண்டும் என்று கேட்டார். லீனா மேல்சட்டையையும் அடுக்கு மடிப்புப் பாவாடையையும் நடுவில் எலாஸ்டிக் பட்டையால் இணைத்தார். வயிறு வளர்ந்தால் பட்டை விரியும், மடிப்பு பிரியும். முதலில் தைத்தது வீட்டில் விருந்தினர் முன் உடுத்த. அடுத்துத் தைத்தது தெருவில் போட்டுக்கொண்டு போக. என் கணக்கில் வரலாறு மாறிய இடம் அந்த இரண்டாவது உடைதான்.

எப்படி என்றால், பத்திரிகைகள் அதற்கு விளம்பரம் போட மறுத்தன. கர்ப்பிணியின் உடை என்று அச்சில் வருவதே அநாகரிகமாம். லீனா 1909இல் மணந்த இரண்டாம் கணவர் ஆல்பர்ட் மால்சின் ஒரு பொறியாளர். கடைக் கணக்கும் திட்டமும் அவர் பொறுப்பு. விடாமல் முயன்று 1911இல் நியூயார்க் ஹெரால்ட் இதழில் விளம்பரத்தைப் போடவைத்தார்கள். மறுநாளே கடையில் இருந்த சரக்கு முழுதும் விற்றுத் தீர்ந்தது. வெளியே போகக் காத்திருந்த பெண்கள் அத்தனை பேர்!

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எடிசனில் ரயில் ஏறி, பென் ஸ்டேஷனில் சுரங்க ரயிலுக்கு மாறி, ஹார்லெமில் 116ஆம் தெருவில் இறங்கி நடந்தேன். புது ஜீன்ஸில்தான். காற்று இன்னும் சில்லென்று இருந்தது, ஆனால் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு வெயில். 120ஆம் தெருவில் ஃபிஃப்த் அவென்யூவை ஒரு பூங்கா வழிமறிக்கிறது. லீனாவின் காலத்தில் அது மவுண்ட் மாரிஸ் பூங்கா, இன்று மார்கஸ் கார்வி பூங்கா. உள்ளே பாறைக் குன்றின் மேல் தீ விபத்தைக் கண்காணிக்க 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரும்புக் கோபுரம் நிற்கிறது. மேப்பிள் மரங்கள் இலை விடும் முன்பே சின்னச் சின்னச் சிவப்புப் பூக்களைக் காட்டிக்கொண்டிருந்தன. பெஞ்சுகளில் தள்ளுவண்டிகளோடு தாய்மார்கள். கடை இருந்த பகுதியில் லீனாவின் பெயரைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. லேன் பிரையன்ட் என்றால் இன்றைய அமெரிக்கர்களுக்கு நினைவு வருவது பருமனான பெண்களுக்கான உடைகள்தான். மால்சின் தம்பதியர் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் உடம்பை அளந்து தொடங்கிய அந்த வியாபாரம், 1920களிலேயே கர்ப்பிணி உடைகளை முந்திவிட்டது.

ஆனால் என் ஜீன்ஸுக்கு இன்னொரு பாட்டியும் உண்டு. 1938, டெக்சஸின் டல்லஸ் நகரம். எல்ஸி ஃபிராங்ஃபர்ட்டின் அக்கா எட்னா கர்ப்பமாக இருந்தார். வயிறு வளர்ந்தால் பாவாடையின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் தொங்கும். அக்காவின் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் எல்ஸி பாவாடையின் முன்னால் வயிறு வரும் இடத்தில் துணியை வெட்டியே எடுத்துவிட்டார். ஓட்டைக்கு மேலே கட்டிக்கொள்ள நாடா, அதை மறைக்க ஒரு மேல்சட்டை. பாவாடை நேராக விழுந்தது. இதற்குக் காப்புரிமை வாங்கி, தங்கை லூயிஸையும் சேர்த்துக்கொண்டு மூவருமாகப் 'பேஜ் பாய்' நிறுவனத்தை நடத்தினார்கள். கடை போட்ட இடம் மருத்துவர்கள் நிறைந்த மெடிக்கல் ஆர்ட்ஸ் கட்டடம். பரிசோதனை முடிந்து வருபவள் நேரே துணி வாங்கப் போகலாம். வியாபார மூளை என்றால் இது!

அன்று வெட்டி எடுத்த ஓட்டைதான் பிற்பாடு நெகிழும் துணியால் அடைபட்டது. அந்தத் துணிக்கு உயிர் தரும் ஸ்பாண்டெக்ஸ் இழையை டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கினார். அவர் மனதில் இருந்தது பெண்களின் இறுக்க உள்ளாடையில் ரப்பருக்கு ஒரு மாற்று. இறுக்கக் கண்டுபிடித்தது விரிந்து கொடுக்கவும் பயன்பட்டது.

இனி அம்மாவின் தீர்ப்பில் மீதிப் பாதி. புடவை வயிற்றுக்கு இடம் கொடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் அம்மா என்னைச் சுமந்தபோது ஏழாம் மாதத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டியது மருத்துவமனைக்கும் கோவிலுக்கும் மட்டும்தான். இன்றைக்குப் புடவையின் இடத்தில் நைட்டி இருக்கிறது. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் பால் பூத் வரைக்கும் செல்லுபடியாகும், அதற்கப்பால் ஆகாது. உடையில் இடம் இருந்தது, தெருவில்தான் இடம் இல்லை. 1911இல் நியூயார்க்கில் இருந்த பிரச்சினையும் இதுவேதான்.

வளைகாப்புக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். பெரியம்மாவும் அத்தையும் பட்டுப்புடவை எடுக்கப் போவதாகத் தகவல். எடுக்கட்டும். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் மாசமாக இருந்தால், வளையலோடும் பட்டோடும் சேர்த்து, அவள் காலையில் அரைமணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வர வசதியாக ஓர் உடையும் ஒரு ஜோடி நல்ல செருப்பும் வாங்கிக் கொடுங்கள்.