எத்தனை நாப்கின்?

எனக்கு அப்போது 27 வயது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் கண் இருட்டும். "ஒழுங்காச் சாப்பிட்டாத்தானே" என்பாள் அம்மா. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறது என்று ஒரு மருத்துவரிடம் சொன்னேன். "ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாத்துறீங்க?" என்றார்.

"மூணு."

"அப்ப நார்மல்தாம்மா."

அந்த மூன்று எப்படி மூன்றானது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்லூரி விடுதியில் ஒரு பாக்கெட்டை இரண்டு மாதத்துக்கு ஓட்டிப் பழகியவள் நான். வேலை பார்த்த இடத்தில் கழிவறைக்கு இரண்டு மாடி இறங்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாப்கினோடு பழைய சேலைத் துணியையும் மடித்து வைத்துக்கொள்வேன். மூன்று என்பது என் சம்பளமும் அந்தத் தாழ்ப்பாளும் சேர்ந்து போட்ட கணக்கு.

2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாப்கின், டாம்பன், கப், டிஸ்க், மாதவிடாய் உள்ளாடை என 21 பொருட்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு ரத்தம் தாங்கும் என்று அளந்திருந்தார்கள். அதுவரை இப்படி அளக்கப் பொதுவாகத் தண்ணீரோ உப்புக்கரைசலோதான். விளம்பரத்தில் ஊற்றுகிற அந்த நீலத் தண்ணீரின் சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கடையில் கிடைக்கும் பொருட்களை ரத்தத்தை வைத்து ஒப்பிட்ட ஆய்வு தங்களுக்கு முன் இல்லை என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. நிலவிலிருந்து பாறை கொண்டுவந்து ஐம்பது வருடம் கழித்து!

அவர்கள் பயன்படுத்தியதும் மாதவிடாய் ரத்தம் அல்ல, ரத்த வங்கியில் காலாவதியான சிவப்பணுக்கள். கட்டிகளும் சளியும் கலந்து வருவது அதில் இல்லை. ஆனாலும் கிடைத்த எண்கள் முக்கியமானவை. டிஸ்க் சராசரியாக 61 மில்லி தாங்கியது, உள்ளாடை 2 மில்லிதான். ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது மருத்துவ வரையறை. அந்த 80, 1960களில் ஸ்வீடனில் பெண்கள் தாங்கள் பயன்படுத்திய பஞ்சுகளைச் சேர்த்துக் கொடுத்ததால் கிடைத்த எண். அப்படியிருக்க, எதை வைத்திருக்கிறாள், எவ்வளவு நனைந்தபின் மாற்றுகிறாள் என்று தெரியாமல் "மூணு" என்பதிலிருந்து என்ன தெரியும்? இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. காரணம் கேட்டால் எல்லோரும் நம் தட்டைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

எனக்கு 31 வயதில் ஹீமோகுளோபின் 7.2. அப்போது பார்த்த மருத்துவர் எண்ணிக்கை கேட்கவில்லை. "ராத்திரி எழுந்து மாத்துவீங்களா? கட்டி கட்டியா வருதா, எவ்வளவு பெருசு?" என்றார். ஸ்கேனில் நார்த்திசுக் கட்டி தெரிந்தது.

இந்த ஆய்வைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவள் காலம் முழுக்கத் துணிதான், அவளிடம் எந்த எண்ணும் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

"துணிய அலசினா தண்ணி தெளியணும்ல," என்றாள். "எனக்கு நாலு வாளி ஆகும். உங்க சித்திக்கு ஒண்ணே போதும்."