சிற்றாற்றின் வழியே சுரண்டைக்கு

குற்றாலத்தில் குளித்து முடித்ததும் நேரே ஊர் திரும்பிவிடுவது நம்மவர் வழக்கம். அன்பு வாசகர்களே, அடுத்த முறை தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை வழியாகச் சுரண்டைக்குப் பேருந்து ஏறுங்கள். ஆடி மாதமாயின் சாலையோரம் சூரியகாந்தி பூத்திருக்கும். படம் பிடிக்க வருவோர் அத்துடன் திரும்பிவிடுகின்றனர். நீங்கள் குளங்களையும் பாருங்கள்.

ஒரு குளம் நிறைந்தால் மிஞ்சிய நீர் மறுகால் வழியே அடுத்த குளத்தை அடையும். நம் முன்னோர் வெள்ளத்தை அடக்கியது இவ்வாறுதான். மேக்கரையில் அடவிநயினார் அணையைத் தாண்டி வரும் அனுமன் நதி, சுரண்டையை அடுத்த வீரகேரளம்புதூரில் சிற்றாற்றுடன் கலக்கிறது. சிற்றாறோ குற்றால மலையிலிருந்து பெரிய அணை எதுவும் தடுக்காமல் இறங்கி வருவது. 17.5.2024 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. இன்னா லில்லாஹி...

இந்நீர் சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் தீவுகளாயின. நெல்லையிலும் கரையோரத் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அங்கே குடியிருப்போர் ஆற்றின் அழகை விரும்பி வந்தவர்களல்லர். வாடகை மலிவு என்பதால் வந்தவர்கள்.

வெள்ளம் வடிந்தாலும் அழுக்கு வடிவதில்லை. நம் சமுதாயத்தார் நெருங்கி வாழும் மேலப்பாளையத்தின் ஊடே ஓடும் பாளையங்கால்வாயைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாசனத்துக்கென வெட்டிய கால்வாயில் சாக்கடை கலக்கிறது. 2021இல் நகராட்சியான சுரண்டை போன்ற வளரும் ஊர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மறுகாலில் குப்பை அடைத்தால் நீர் வீட்டுக்குள்தான் திரும்பும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஹவுளில் ஒளூச் செய்யும்போது நாம் காட்டும் பேணுதல் அருவிக்கரையில் மட்டும் ஏனோ மறந்துபோகிறது! அங்கே எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர்நீதிமன்றமே தடை விதித்துள்ளது.

ஊர் திரும்பியதும், ஐப்பசி மழைக்கு முன்பாக, உங்கள் மஹல்லாவின் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஜமாஅத்தாருடன் நடந்து பாருங்கள். முதலில் எந்த வீட்டில் நீர் புகும் என்பது தெரிந்துவிடும். அவ்வீட்டார் எவராயினும், எந்த மதரஸாவில் தங்குவது, கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் யார் துணை என்பதை அப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.