மகரக்கட்டு

எங்கள் பாடகர் குழுவிலுள்ள பதினாறு வயது மாணவன் ஒருவன், ஒரு மாலை சிட்லபாக்கம் ஏரிக்கரையில் என்னுடன் நடந்து வந்தான். தொழில்முறைக் குழுவொன்று நகரில் நடத்தவிருக்கும் இசைநாடகத்திற்குக் குரல் தேர்வு. போகலாமா என்று கேட்டான். "வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், சாமி" என அவன் தாய் முன்னதாகவே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய பாலர் நாடகக் குழுக்களில் சிறுவனை யார் கேட்டார்கள்? 1912-இல் பிறந்த தி. க. சண்முகம், 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளின் மதுரைச் சபையில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. முடிவெடுத்தவர் தந்தை. பின்னாளில் அவர் 'ஔவை' சண்முகமாகப் புகழ் பெற்றார், உண்மைதான். ஆனால் பாட்டே உயிராயிருந்த அம்மேடைகளில், பருவ வயதில் குரல் உடைவதை 'மகரக்கட்டு' என்பார்கள். நேற்றுவரை இராஜபார்ட்டாக நின்ற சிறுவன் அதன்பின் ஒதுங்க நேரும். கையில் பள்ளிப் படிப்பும் இராது.

இவனுக்கும் பதினான்கு வயதில் குரல் உடைந்தது. திருவிழா நெருங்குகிறதென்று அவனைப் பாட வேண்டாமென நிறுத்தியவன் நான்தான். ஓராண்டு ஆர்மோனியத்தருகே பாட்டுப் புத்தகம் புரட்டி நின்றான். மீண்டும் பாடு என்று நான் அழைக்கவில்லை. அவனாகவே ஒரு ஞாயிறு பாடத் தொடங்கினான்.

"அங்கும் வேண்டாமென்று சொல்லிவிட்டால், ஃபாதர்?"

உடனே விடை சொல்ல நாவெழவில்லை. ஒத்திகை நேரங்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பிளஸ் டூ தேர்வு இருக்கிறதே. அவன் தாயிடம், ஒருமுறை நான் சொன்ன 'வேண்டாம்' போதும் என்றேன். அவர் பதில் பேசவில்லை.

சனிக்கிழமை காலை குரோம்பேட்டை நிலையத்தில் அவனோடு மின்தொடர் வண்டிக்குக் காத்திருந்தேன். தாயும் வந்தார், கையில் வெந்நீர்க் குடுவையோடு.