முதலில் நிற்கட்டும், பிறகு சுமக்கட்டும்

பூண்டுலோயாவில் மரக்கறி மூட்டையோ, விறகோ, கூரைத் தகரமோ, எதை ஏற்றுவதானாலும் ஆட்கள் கூப்பிடுவது பட்டாவைத்தான். இந்தியாவில் 2005இல் டாடா ஏஸ் என்று வெளிவந்த சின்ன லொறி, இலங்கையில் டிமோ பட்டா. அன்று அதற்கிருந்தது இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின். டன்சினன் தோட்டப் பக்கத்து ஏற்ற இறக்கங்களில் அது வருடக்கணக்கில் ஓடுகிறதென்றால் கராஜ் பாஸ்மாரின் கைவேலையும் ஒரு காரணம். அதைப் பார்க்கத்தான் ஒரு கராஜுக்குப் போனேன்.

ஓர் இளைஞர் பின்பக்க ஸ்பிரிங்குக்கு இன்னொரு பட்டை போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோவா மூட்டை கூடுதலாக ஏற்றலாம் என்பது அவர் கணக்கு.

"பட்டை போட்டா வண்டி உக்காராது தம்பி. பிரேக்கு கூடுமா?" என்றார் பாஸ்.

முன்சில்லுக்குக் கட்டை வைத்து, பின்சில்லைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்தார். சிலிண்டரின் ஓரத்து இறப்பர் மூடியை ஸ்குரூ டிரைவர் நுனியால் மெல்ல நெம்பினார். உள்ளேயிருந்து கறுத்த ஒயில் ஒரு சொட்டு வழிந்தது. "இது காய்ஞ்சிருக்கணும் தம்பி."

பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் கொதிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகும். ஆவி அமுங்கிப்போகும், மிதித்த அழுத்தம் சில்லுக்குப் போய்ச் சேராது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கொரு தடவை ஒயிலை மாற்றச் சொல்கிறார் பாஸ். சாரதிக்கு அவர் சொல்லும் பாடம் ஒன்றுதான்: "ஏறுன கியர்லயே எறங்கு."

வீட்டிலேயே செய்யக்கூடியவற்றையும் காட்டினார். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மண்ணும் கோவா இலையும் அடைத்துக்கொள்ளும். கம்பியால் குத்திவிட வேண்டும். இறப்பர் விரிப்பைத் தூக்கிக் காயவைக்க வேண்டும். துரு கண்ட இடத்தைச் சுரண்டி ரெட் ஒக்சைட் பூச வேண்டும். சில்லு நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக இறுக்கி, கொஞ்சத்தூரம் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அவ்வளவு காலமும் பழைய வண்டிகளை ஓடவைத்தவர்கள் இந்த மாதிரி பாஸ்மார்தான். மலையகம் என்றால் கொழுந்து பறிப்பவரின் உழைப்பைப் பற்றிப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதே லயத்தில் பிறந்து ஸ்பெனர் பிடித்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அனுபவத்தால் கற்ற வேலையைச் சோதித்து தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் இருக்கிறது. சோதிப்பவர்கள் தோட்டத்து கராஜ்களைத் தேடி வரவேண்டும், தமிழில் கேள்வி கேட்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால், பாஸிடம் வேலை பழகும் பையன் நாளை கொழும்புக்குப் போனாலும் வெறும் உதவியாளாக, உதவியாள் சம்பளத்துக்குச் சேர வேண்டியிருக்காது.