காட்டூர் போனோம், பழவேற்காடு பார்த்தோம்!

என் மாமியார் காலத்தில் பிரயாணம் என்றால் ஒரு கூஜா தண்ணீர், ஒரு பொட்டலம் புளியோதரை. என் காலத்தில் இவற்றோடு ஒரு சார்ஜரும் சேர்ந்துகொண்டிருக்கிறது. போனில் உள்ள செயலியைத் தட்டினால் போதும், வழியும் சொல்லும், வழியில் பார்க்க வேண்டிய இடங்களையும் சொல்லும். 'அது சொல்வதையெல்லாம் நம்பலாமா?' என்று கேட்பீர்கள். போன தை மாதம் காட்டூருக்குப் போய் வந்த பிறகு, அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது!

காட்டூரில் இவருடைய நண்பர் வீட்டில் குழந்தைக்குக் காதுகுத்து. சென்னையிலிருந்து காரில் கிளம்பினோம். இவர் போனில் 'காட்டூர்' என்று எழுதி, முதலில் வந்த பெயரைத் தொட்டார். "ஐந்தரை மணி நேரப் பிரயாணம்" என்றது போன்! அது திருச்சிக் காட்டூர். கோயம்புத்தூரில் ஒரு காட்டூர், திருவாரூர்ப் பக்கம் ஒரு காட்டூர் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. "பக்கத்து ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்களேன்" என்றேன். 'மீஞ்சூர் காட்டூர்' என்று எழுதியதும் சரியான ஊர் வந்தது. கல்யாணம், காட்சி என்று வெளியூர் போகும் தோழிகள் இந்த முதல் பாடத்தை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்!

ஒரு பக்கம் வயலும் ஏரியும், மறுபக்கம் உப்பங்கழியுமாக இருக்கும் பகுதி அது. பந்தி முடிந்தபோது மணி பன்னிரண்டரை. குழந்தைகள் இரண்டும் நச்சரிக்க ஆரம்பித்தன. போனை வாயருகே வைத்து, "பக்கத்தில் பார்க்க என்ன இருக்கு?" என்று தமிழிலேயே கேட்டேன். வந்தது பட்டியல்! திருப்பாலைவனம் சிவன் கோயில், பழவேற்காடு ஏரி, டச்சுக்காரர் கல்லறை, கலங்கரை விளக்கம், படகுச் சவாரி. கடைசியாக இருந்ததைப் பார்த்ததும் என் மகன் குதித்தான். படகில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் குடும்பங்களின் படங்கள், பக்கத்திலேயே நட்சத்திரங்கள், 'குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்' என்ற குறிப்பு. எனக்கே ஆசை வந்துவிட்டது.

இந்தப் பட்டியல் எப்படி வருகிறது தெரியுமா? நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் போன் தெரிந்துகொள்கிறது. அதன் அருகே உள்ள இடங்களைப் பற்றி முன்பு வந்தவர்கள் போட்ட படங்களையும் குறிப்புகளையும் எடுத்துக் காட்டுகிறது. போட்டவர்கள் யாரோ மேதைகள் இல்லை, நம்மைப் போன்ற பிரயாணிகள்தான். இதை நினைவில் வையுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

திருப்பாலைவனத்தில் உச்சிக்கால நடை சாத்தியிருந்தது. கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு பழவேற்காட்டை அடைந்தோம்.

அடேயப்பா! ஏரியா அது? கடலே காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம்தான் நம்முடையது. அந்தப் பக்கம் கடலைத் தடுத்து நிற்கும் நிலம்தான், ராக்கெட் விடுகிறார்களே, அந்த ஸ்ரீஹரிகோட்டா.

தூரத்தில் தண்ணீருக்கு மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. என் மகள் போனால் பெரிதாக்கிப் படம் எடுத்தாள். பறவைகளை அடையாளம் சொல்ல 'மெர்லின்' என்று ஓர் இலவசச் செயலி உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடத்தார் செய்தது. படத்தைக் காட்டினாலும் சொல்லும், கூவும் சத்தத்தைக் கேட்டாலும் சொல்லும். வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தேன். 'ஃப்ளமிங்கோ' என்றது. நம் பூநாரை!

"ஏம்மா அதுக்குச் சிறகெல்லாம் சிவப்பு?" என்றாள் மகள். பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். அது தின்னும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள 'கரோட்டினாய்டு' என்ற நிறச்சத்துதான் அதைச் சிவக்க வைக்கிறது. நாம் சாப்பிடும் கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருப்பது அதே குடும்பத்துச் சத்து. "நீ கீரை சாப்பிடு, நீயும் பளபளப்பாய் ஆவாய்" என்று சமயம் பார்த்து ஒரு போடு போட்டேன்!

அடுத்து டச்சுக் கல்லறை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்! மகன் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். டச்சுக்காரர்கள் 1613ல் இங்கே ஜெல்டிரியா என்ற கோட்டை கட்டினார்கள். இப்போது அதில் மிச்சம் இருப்பது மேடும் புதரும்தான். அவர்களை இங்கே இழுத்தது நம் நெசவு. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிகாட்' என்று பெயர். பழவேற்காடு என்ற பெயர்தான் ஆங்கிலத்தில் புலிகாட்டாகி, மலாயில் பெலிகாட்டாகிவிட்டது. ஆனால் கப்பலில் போனது துணி மட்டும் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தில் அடிபட்ட ஏழை ஜனங்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இங்கிருந்து ஏற்றிப் போனார்கள். அவர்களில் எத்தனை தாய்மார்களோ! அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, செயலியில் ஒரு நட்சத்திரமும் இல்லை.

மணி நாலு ஆனது. "படகு, படகு" என்று மகன் அழாத குறை. கரைக்குப் போனோம். இளைஞர் ஒருவர் அருகே வந்து, "சார், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்றார். இவர் பேரம் பேசத் தொடங்கினார். நான் மகளின் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, பச்சப் புள்ளைங்கள வச்சிக்கினு எங்க கெளம்பிட்ட?"

"சும்மா ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்றுதாம்மா. போனில்கூடப் போட்டிருக்கிறதே!"

"போனு சொல்லிச்சா? அது எந்தப் படகுல ஏறிச்சாம்? இங்க தண்ணி இடுப்பளவுதான் தெரியும். முகத்துவாரத்தாண்ட போனா இழுப்பு எப்டி வரும்னு எங்க ஆம்பளைங்களே பாத்துத்தான் எறங்குவாங்க. கிறிஸ்மஸ் அன்னிக்கு எத்தினி பேர இந்தக் கரையில கெடத்துனோம் தெரியுமா? கொழந்தைங்க கண்ணு, கொழந்தைங்க..."

மேலே பேசாமல் இறாலைப் பார்த்துக் குனிந்துகொண்டார். என் கையிலிருந்த செருப்பு கனத்தது. 2011 டிசம்பர் 25ஆம் தேதி உல்லாசமாகப் படகில் போன 22 பேர் இந்த ஏரியில் மூழ்கி இறந்தார்கள். அன்று பத்திரிகையில் படித்துப் பதறியது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதன் பிறகு இங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக்கூடாது என்று தடையே போட்டார்கள். செயலியில் இருந்த சிரித்த முகங்களுக்குப் பக்கத்தில் இந்தச் செய்தி ஒரு வரிகூட இல்லை. யாரும் எழுதவில்லை, ஆகவே அதற்குத் தெரியவில்லை!

இவர் பேரத்தை நிறுத்திவிட்டார். மகன் அழுதான். அந்த அம்மா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓர் உயிர் நண்டைக் காட்டினார். அழுகை போன இடம் தெரியவில்லை.

அவர் பேரன் வலை பின்னிக்கொண்டிருந்தான். அவன் கையிலும் போன் இருந்தது. "எங்களுக்கும் ஆப் இருக்குதுக்கா" என்று காட்டினான். 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்ற செயலி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மீனவர்களுக்காகச் செய்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி, மீன் எந்தப் பக்கம் கிடைக்கலாம் என்று தமிழிலேயே சொல்கிறது. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையத்திலிருந்து அதற்குத் தகவல் வருகிறது.

"அப்போ இன்னிக்கு ஏன் போகலை?" என்றேன்.

"இன்னிக்கு எங்க பாடு இல்லக்கா."

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன. அதற்குத்தான் 'பாடு' என்று பெயர். எல்லார் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு. இது எந்தச் செயலியிலும் வராது, கரையில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

திரும்பும் வழியில் ஊர்ப் பெண்கள் பனையோலையில் பின்னிய அஞ்சறைக் கூடை ஒன்று வாங்கினேன். அந்த அம்மாவிடம் அரைக் கிலோ இறாலும் வாங்கினேன். "தலை கெட்டியா ஒட்டினு இருக்கணும், ஓடு மினுமினுன்னு இருக்கணும். மூக்கைப் பொத்தறாப்பல வாடை வந்தா தொடாத" என்று அவர் சொன்ன பக்குவம் உங்களுக்கும் உதவும்.

குழந்தைகளோடு கிளம்பும் தோழிகளுக்குச் சில யோசனைகள்:

* வழிப்படத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் சிக்னல் போய்விட்டால் கவலையில்லை.

* நீங்கள் இருக்கும் இடத்தை அம்மாவுக்கோ தங்கைக்கோ போன் மூலம் பகிர்ந்து வையுங்கள்.

* பறவைகளைப் பார்க்க ஐப்பசி முதல் பங்குனி வரை நல்ல காலம். காலை வேளையே உத்தமம். தொப்பியும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் மறக்க வேண்டாம்.

* நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். கடைசியாக எழுதியவர் எந்த மாதம் எழுதினார் என்றும் பாருங்கள்.

* தண்ணீர், மலை, காடு என்று எதில் கால் வைப்பதாக இருந்தாலும் முதலில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கேளுங்கள். குழந்தை பெற்றவள் பொய் சொல்ல மாட்டாள்.

அன்றிரவு குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு நானும் செயலியில் எழுதினேன். 'ஏரி அழகு. கரையிலிருந்து பாருங்கள். படகில் ஏறாதீர்கள். 2011ல் இங்கே 22 உயிர்கள் போயின.' தமிழில்தான் எழுதினேன். நாளைக்குக் காட்டூர்க் காதுகுத்துக்கு வரும் இன்னொரு தாய் போனைத் திறந்தால், அந்த அம்மா என்னிடம் சொன்னது அவள் கண்ணிலும் பட வேண்டும் அல்லவா?