செய்கூலிக்காக வாழ்ந்த ஊர்

சிவகாசி அருகே எம். புதுப்பட்டிப் பக்கம் குழந்தைக்கு வெள்ளிக் கிண்ணம் வாங்கப் போனால் முதலில் எடை கேட்போம். அடுத்து, செய்கூலியில் எவ்வளவு குறைப்பீர்கள் என்போம். அந்தச் செய்கூலியே பெரிது என்று ஓர் ஊர் ஆறு வருஷம் வாழ்ந்து பார்த்தது. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுகளில் உள்ள சிப்பிங் கேம்டன்தான் அது.

கம்பளி வணிகர்களின் பணத்தில் செழித்த ஊர். தேன்நிறக் கல் வீடுகளும் 1627-இல் கட்டிய சந்தை மண்டபமும் இன்றும் உண்டு. கம்பளி வியாபாரம் நொடித்தபின் ஊர் அடங்கிக் கிடந்தது. 1902-இல் கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பீ, லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் தான் தொடங்கிய கைவினைக் கழகத்தை, குடும்பங்களோடு ஏறக்குறைய 150 பேராக, இங்கே கொண்டுவந்தார். மூடிக்கிடந்த பட்டு ஆலை பட்டறையானது.

கழகத்தின் வெள்ளிக் கிண்ணங்களுக்கு நீண்டு வளைந்த கம்பிக் கைப்பிடி. பச்சைக் கண்ணாடிக் குப்பியைத் தழுவி வெள்ளிக் கம்பி. பதித்தவை விலை குறைந்த கற்கள். தகட்டில் விழுந்த சுத்தியல் தடத்தை மெருகேற்றி மறைக்கவில்லை. செய்தவன் கை தெரிய வேண்டும் அல்லவா? லண்டன் லிபர்ட்டி கடையோ இயந்திரத்தில் செய்த பாத்திரங்களில் பொய்த் தடம் போட்டு மலிவாக விற்றது. 1908-இல் கழகம் கலைந்தது. தொழிலாளி நன்றாக வாழ வேண்டும் என்று செய்த பாத்திரங்கள் பணக்காரர் மேசைக்கே போயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த ஊரோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. இலங்கைத் தமிழர் சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, பக்கத்து பிராட் கேம்டனில் ஆஷ்பீ புதுப்பித்துக் கொடுத்த பழைய நார்மன் தேவாலயத்தில் குடியிருந்தார். கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மாரிஸின் கை அச்சு இயந்திரம் அங்கே வந்து சேர்ந்தது. கண்டித் தட்டார்களின் வெள்ளி வேலையையும் பேசும் குமாரசுவாமியின் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூல் 1908-இல் அந்த இயந்திரத்தில்தான் அச்சாகி முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள். அச்சடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கழகம் கலைந்தும் ஊரைவிட்டுப் போகாத வெள்ளித் தட்டார் ஜார்ஜ் ஹார்ட்டின் பெயரில் அதே ஆலையில் வெள்ளிப் பட்டறை தொடர்கிறது. சிவகாசி அச்சகக்காரர்கள் கேம்டன்வரை போக வேண்டாம். குமாரசுவாமியின் அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.